பொது வரலாற்றுக்கான முதுநிலைப் பயிற்சி

பொது வரலாறு (பப்ளிக் ஹிஸ்டரி) என்பது வரலாற்று ஆய்வுமுறையைக் கல்லூரிக்கு வெளியே, அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம், அரசுத் துறை, நீதிமன்றம், தனியார் நிறுவனம் முதலிய இடங்களில் பயன்படுத்தும் துறை ஆகும். இந்தப் பெயரிலேயே அமைந்த முதுநிலைப் பயிற்சி, அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் 1976 இல் தொடங்கியது.

பின்னணி

1970களில் அமெரிக்காவில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றோர் பெருகினர். கல்லூரி ஆசிரியர் பணியிடங்களோ அருகின. வரலாறு படித்தவருக்கு ஆசிரியர் வேலையை விட்டால் வேறு வழியில்லை என்ற எண்ணம் பரவலாக இருந்தது. ஆனால் வெளியே தேவை வளர்ந்துகொண்டிருந்தது. எடுத்துக்காட்டாக, நடுவண் அரசின் திட்டங்களால் வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களுக்கு நேரும் பாதிப்பைக் கருத்திற்கொள்ள வேண்டும் என 1966 ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் விதித்தது. அதற்கு ஆய்வாளர்கள் தேவைப்பட்டனர்.

தொடக்கம்

பயிற்சியைத் தொடங்கியவர்கள் பேராசிரியர்கள் ராபர்ட் கெல்லி, வெஸ்லி ஜான்சன் ஆகியோர். ராக்பெல்லர் அறக்கட்டளை நிதி வழங்கியது. கெல்லி கலிபோர்னியாவின் ஆறுகளையும் வெள்ளத்தையும் ஆராய்ந்தவர். அவை தொடர்பான வழக்குகளில் நிபுணர் சாட்சியாகவும் இருந்தவர். பழைய ஆவணங்களைப் படிக்கும் திறன் இன்றைய சிக்கலுக்கும் உதவும் என்பதை அங்கே அவர் நேரில் கண்டார். 1978 இல் 'தி பப்ளிக் ஹிஸ்டோரியன்' ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியது. பொது வரலாற்றுக்கான தேசியக் கழகம் 1980 இல் பதிவு செய்யப்பட்டது.

பயிற்சி முறை

வழக்கமான ஆய்வு மாணவர் தம் கேள்வியைத் தாமே தேர்ந்து, தனியே எழுதுகிறார். பொது வரலாற்று மாணவருக்குப் பெரும்பாலும் கேள்வி பிறரிடமிருந்து வருகிறது. குறித்த நாளுக்குள், குழுவாக, வரலாறு படிக்காதவருக்கும் புரியும்படி விடை தர வேண்டும். ஆகவே ஆவணப் பராமரிப்பு, வாய்மொழி வரலாறு, கண்காட்சி அமைப்பு, மரபிடப் பாதுகாப்பு ஆகியவை இத்தகைய பாடத்திட்டங்களில் இடம்பெறுகின்றன. மாணவர் ஓர் அலுவலகத்திலோ அருங்காட்சியகத்திலோ சில காலம் பணியாற்றிப் பழகுவது இதன் முக்கியமான பகுதி.

விமர்சனமும் விளைவும்

கூலி கொடுப்பவருக்கு ஏற்ப வரலாறு வளையாதா என்பது தொடக்கம் முதலே எழுந்த கேள்வி. பணம் மட்டுமன்றி, பொதுமக்களின் உணர்வும் அரசியலும் கூட அழுத்தம் தரும் என்பது 1995 இல் தெரிந்தது. இரோசிமாவில் அணுகுண்டு வீசிய 'எனோலா கே' விமானத்தைப் பற்றி, சுமித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகம் ஒரு கண்காட்சியைத் திட்டமிட்டிருந்தது. முன்னாள் படைவீரர் அமைப்புகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் எதிர்த்தனர். முதலில் திட்டமிட்ட காட்சி கைவிடப்பட்டது. இயக்குநர் மார்ட்டின் ஆர்விட் பதவி விலகினார்.

சான்றுக்கு உண்மையாக இருத்தலும், அந்த நிகழ்வை வாழ்ந்தவர்களின் நினைவுக்குச் செவிகொடுத்தலும் ஒரே நேரத்தில் செய்யவேண்டிய கடமைகள். இரண்டும் முரண்படும்போது என்ன செய்வது என்பதை வேலைக்குப் போகும் முன்பே மாணவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். வேலைவாய்ப்புக்காகப் பிறந்த இப்பயிற்சியில் தொழில் நேர்மை தனிப் பொருளாகக் கற்பிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.