போப்பாண்டவரும் விலாங்கு மீனும் ஒரு வெள்ளை ஒயினும்

போப்பாண்டவர் நான்காம் மார்ட்டின் பதவியில் இருந்தது நாலே வருடம்தான் (1281-1285). பிரான்சுக்காரர். இத்தாலியின் பெருஜியா நகரில் காலமானார். அவர் செய்த அரசியல் சரித்திர மாணவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர் சாப்பிட்ட சாப்பாடோ உலகப்புகழ் பெற்றுவிட்டது!

காரணம் கவிஞர் தாந்தே. 'டிவைன் காமெடி' காவியத்தில் பாவம் கழுவும் மலை ஒன்று வருகிறது. அங்கே பெருந்தீனிக்காரர்கள் பட்டினியில் எலும்பும் தோலுமாய் அலைகிறார்கள். அந்தக் கூட்டத்தில் இந்தப் போப்பையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டார் தாந்தே. செய்த குற்றம்? போல்சேனா ஏரியின் விலாங்கு மீனும், வெர்னாச்சா என்ற ஒயினும். விலாங்கை உயிரோடு ஒயினில் போட்டு, அது குடித்துச் செத்தபின் சமைப்பார்களாம். இதைத் தாந்தே சொல்லவில்லை, பழைய உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். (உரையாசிரியர்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் போலும்.)

வெர்னாச்சா என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது டஸ்கனி மாநிலத்தின் சான் ஜிமிஞானோ. ரோமுக்குப் போகும் யாத்திரை வழியில் வளர்ந்த மலையூர். பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டிய 72 கோபுரங்கள் இருந்தனவாம், இப்போது மிஞ்சியவை 14. அங்கே ஒயின் விற்பவர்களுக்கு இந்தப் போப் கதைதான் பெரிய விளம்பரம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலாங்கு எந்த ஏரி என்று சொன்ன தாந்தே, ஒயின் எந்த ஊர் என்று சொல்லவே இல்லை!

அடுத்த தலைமுறையில் வந்த பொக்காச்சியோ ஊரைச் சொல்கிறார், ஆனால் அது வேறு ஊர். அவருடைய 'டெக்கமெரான்' கதை ஒன்றில் வயிற்றுக்கோளாறோடு வந்த மடாதிபதியைக் கொள்ளைக்காரன் ஒருவன் பிடித்து அடைத்து வைக்கிறான். வாட்டிய ரொட்டி இரண்டு துண்டு, ஒரு பெரிய கிளாஸ் வெர்னாச்சா, இதுதான் சாப்பாடு. வயிறு குணமாகிவிடுகிறது. அந்த ஒயின் கொர்னீலியாவிலிருந்து வந்தது. அது லிகூரியா மாநிலத்துக் கடற்கரை ஊர், டஸ்கனி இல்லை. பக்கத்திலேயே வெர்னாட்சா என்ற ஊரும் இருக்கிறது. பெயரே அங்கிருந்துதான் பிறந்தது என்பவர்கள் உண்டு. 'உள்ளூர்ச் சரக்கு' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால் சார்டினியா தீவில் ஒரு வெர்னாச்சா, மார்க்கே மாநிலத்தில் சிவப்பாக, நுரை பொங்கும் இன்னொரு வெர்னாச்சா! பெயர்தான் ஒன்று, திராட்சை வேறு வேறு.

அப்படியானால் சான் ஜிமிஞானோ சொல்வது பொய்யா? இல்லை. அதன் உண்மையான சாட்சி காவியத்தில் இல்லை, வரிக்கணக்கில் இருக்கிறது. ஊரைவிட்டு வெளியே போகும் வெர்னாச்சாவுக்குச் சுங்கம் விதித்த 1276ஆம் ஆண்டு ஆவணம் அது. போப் பதவிக்கு வருவதற்கு முன்பே இங்கே வியாபாரம் நடந்திருக்கிறது. கவிதையைவிட ரசீது நம்பகமானது!

1348ல் கொள்ளைநோய் வந்து ஊரைச் சூறையாடியது. 1353ல் புளோரன்சின் ஆட்சிக்குள் போனது. ஒயின் மட்டும் பிழைத்துக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டில் வசாரி புளோரன்ஸ் அரண்மனைக் கூரையில் இந்த ஊரை ஓவியமாகத் தீட்டியபோது, வெர்னாச்சா குடிக்கும் உருவத்தையும் சேர்த்தே வரைந்தார். பிறகு நெடுங்காலம் மங்கிப்போய், 20ஆம் நூற்றாண்டில்தான் மறுபடி எழுந்தது. ஒயின்களுக்குப் பிறப்பிட முத்திரை தரும் சட்டம் இத்தாலியில் 1963ல் வந்தது. 1966ல் அந்த முத்திரையை முதலில் பெற்றது சான் ஜிமிஞானோ வெர்னாச்சாதான். 1993ல் அதற்கும் மேலான முத்திரை கிடைத்தது. இப்போது குறைந்தது 85 சதவீதம் அதே திராட்சை இருந்தாக வேண்டும்.

இன்றைய வெர்னாச்சாவில் இனிப்பு இல்லை. வைக்கோல் நிறம், நல்ல புளிப்பு, விழுங்கியபின் வாதுமைப் பருப்பின் லேசான கசப்பு. அந்தப் புளிப்பு எண்ணெயையும் கொழுப்பையும் வெட்டும். அதனால் பொரித்த மீன், இறால், முயல்கறி, கோழி, இளசான செம்மறியாட்டுப்பால் சீஸ் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். கோழி ஈரல் தடவிய வாட்டிய ரொட்டியும் டஸ்கனிக்காரர்களுக்கு இதோடு பிடிக்கும். கொழுப்பு மிகுந்த விலாங்குக்கும் இது பொருந்தாமல் போகாது, உயிரோடு முக்க வேண்டிய அவசியமில்லை.