பால் வெட்டும் பொழுதும் இதயமும்

திருவிதாங்கூரில் 1902ஆம் ஆண்டு பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் தோட்டப்பயிராகக் கால்கொண்ட ரப்பர், சமஸ்தானத்தின் தென்கோடி மலையடிவாரங்களுக்கும் பரவியது. அவ்வடிவாரங்களைக் கொண்ட கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. கீரிப்பாறை போன்ற இடங்களின் அரசுத் தோட்டங்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலையளித்து, 1984இல் அரசு ரப்பர் கழகத்தின் கீழ் வந்தன.

ரப்பர் தனக்குரிய வேலைநேரத்தையும் கூடவே கொண்டுவந்தது. பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அது தாழ்ந்து பாலும் குறையும். ஆகவே பால்வெட்டுத் தொழிலாளி தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரம் மரமாகச் சென்று பட்டையைச் சீவி, பால் சிரட்டையில் வடிந்தபின் மீண்டும் சுற்றிவந்து அதைச் சேகரிக்க வேண்டியதாயிற்று. பஞ்சாலையில் முறைவேலையைச் சங்கு வகுத்ததென்றால் இங்கே அதை மரம் வகுத்தது.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மாநில அரசின் அனுமதியின்றி மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு அமர்த்தலாகாது என்றது. ஆண்களின் இரவை அத்தடை தொடவில்லை. உறக்கத்தை அக்காலச் சட்டம் கருதாததில் வியப்பில்லை, ஏனெனில் மருத்துவமே அதன்பின்தான் அதைக் கூர்ந்து நோக்கியது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபட, ஒவ்வொரு முறையும் பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோகும் உறக்க மூச்சுத்தடையை 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன், மூக்கின் வழியே காற்றழுத்தம் செலுத்தி அவ்வழியைத் திறந்துவைக்கும் முறையை வெளியிட்டார்.

இரவுறக்கத்தில் இயல்பாகப் பத்தில் ஒரு பங்கேனும் தாழவேண்டிய இரத்த அழுத்தம், மூச்சு அடைபட்டு உயிர்வளி குறையும்போதெல்லாம் எகிறுவதால் தாழாமலே நின்றுவிடுகிறது. பின்னிரவில் எழும் வழக்கம் உறக்கத்தை மேலும் நறுக்கி, உடலின் உட்கடிகாரத்தையும் குலைப்பதால் இதயத்தின் மீது இரண்டு சுமைகள் ஒருங்கே ஏறுகின்றன. உழைத்து மெலிந்தவருக்கு உறக்க மூச்சுத்தடை வராதென்ற எண்ணமும் சரியன்று. தாடை சிறுத்தோருக்கு எடை கூடாமலும் வரும். உரத்த குறட்டையும் பகற்சோர்வும் மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தமும் உடையவரிடம், அவர் எத்தனை மணிக்குத் தோட்டத்திற்குச் செல்கிறார் என்பதை மருத்துவர் கேட்டறிய வேண்டும். காற்றழுத்தக் கருவி அணிந்திருக்கும் நேரத்தில் மட்டுமே பயன்தருமாதலால், அதைப் பெற்றவர் இரவில் மட்டுமன்றி, வேலை முடிந்து உறங்கும் பகலுறக்கத்திலும் அணிய வேண்டும்.