சாவி யார் கையில்? இங்கிலாந்தின் சப்போர்ட்டட் லிவிங் வந்த வழி

அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒருவர் தன் பெயரிலேயே வாடகைக்கு வீடு எடுத்து, சமையல், குளியல், கடைத்தெரு, பணக்கணக்கு என்று எதற்கெல்லாம் துணை வேண்டுமோ அதற்கு மட்டும் ஆள் வைத்துக்கொண்டு வாழும் முறைக்கு இங்கிலாந்தில் 'சப்போர்ட்டட் லிவிங்' என்று பெயர். வீடு ஒருவரிடமிருந்து வரும், உதவி இன்னொருவரிடமிருந்து வரும். உதவி சரியில்லை என்றால் ஆளை மாற்றலாம், அதற்காக வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. இந்த முறையின் உயிர்நாடி இதுதான்.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் 'கற்றல் குறைபாடு' என்றால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் டிஸ்லெக்சியா பிள்ளைகளே நினைவுக்கு வருவார்கள். இங்கிலாந்தில் 'லேர்னிங் டிஸபிலிட்டி' என்பது அறிவுசார் வளர்ச்சிக் குறைபாட்டைக் குறிக்கும். 1990களின் தொடக்கத்தில்தான் அரசு இந்தச் சொல்லுக்கு வந்தது. அதற்கு முன் அரசுக் காகிதங்களில் இருந்த பெயர்களை இன்று வாய்விட்டுச் சொல்லவே கூசும்.

அந்தப் பெயர்களைச் சுமந்த முதல் பெரிய கட்டடம் சர்ரி மாவட்டத்தின் ரெட்ஹில் ஊரில் 1855-இல் திறந்த ஏர்ல்ஸ்வுட் காப்பகம். ஆண்ட்ரூ ரீட் என்ற போதகர் நன்கொடை திரட்டிக் கட்டியது. அன்றைய நிலையில் அது நல்ல முயற்சி என்றுதான் சொல்ல வேண்டும். அனாதை விடுதியிலும் பைத்தியக்கார விடுதியிலும் அடைபட்டுக் கிடந்தவர்களுக்குத் தொழிலும் கல்வியும் தரலாம் என்ற நம்பிக்கையில் எழுந்தது அது. பின்னாளில் டவுன் சிண்ட்ரோம் என்று தன் பெயரால் அழைக்கப்பட்ட நிலையை 1866-இல் விவரித்து எழுதிய ஜான் லாங்டன் டவுன் அங்கே மருத்துவக் கண்காணிப்பாளராக இருந்தார். பேசவும் கேட்கவும் மிகவும் சிரமப்பட்ட ஜேம்ஸ் ஹென்றி புல்லன் அங்கே தச்சுத் தொழில் கற்று, ஏழு ஆண்டு உழைத்து 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலின் மாதிரியைச் செய்தார். அதைப் பார்க்க அரச குடும்பமும் ஆர்வம் காட்டியது. அவ்வளவு கைத்திறன் இருந்தும் 1916-இல் புல்லன் உயிர் பிரிந்தது அதே காப்பகத்தில்தான். நுழைவாசல் இருந்த கட்டடத்துக்கு வெளிவாசல் இல்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது நம்பிக்கை போய் அச்சம் வந்தது. குறைபாடு பரம்பரையாகப் பரவி நாட்டையே கெடுத்துவிடும் என்ற இனமேம்பாட்டுவாதம் படித்தவர்களிடையே செல்வாக்குப் பெற்ற காலம் அது. 1904-இல் அமைந்த அரசுக் குழு 1908-இல் அறிக்கை தந்தது. 1913-இல் மனக்குறைபாட்டுச் சட்டம் நிறைவேறியது. மனிதர்களை நான்கு தரமாகப் பிரித்து, காலவரம்பின்றி அடைத்து வைக்க அது வழிவகுத்தது. ஏழை நிவாரணம் பெறும் நிலையில், திருமணம் ஆகாமல் பிள்ளை பெற்ற பெண்ணையும் 'குறைபாடு' என்ற வகையில் சேர்த்து அடைக்க அதில் இடம் இருந்தது. நாடாளுமன்றத்தில் ஜோசையா வெட்ஜ்வுட் விடாப்பிடியாக எதிர்த்தும் சட்டம் நின்றது. ஊருக்கு வெளியே, தனிப் பண்ணையும் சலவைக் கூடமும் கொண்ட 'காலனிகள்' எழுந்தன. 1948-இல் தேசிய சுகாதாரச் சேவை வந்தபோது அவை ஒரே நாளில் மருத்துவமனைகளாகிவிட்டன. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் எதுவும் கிடையாது.

சுவரில் விரிசல் விழத் தொடங்கியது 1950களில். 1951-இல் குடிமைச் சுதந்திர இயக்கம் ஒன்று, 'சட்டத்துக்கு வெளியே 50,000 பேர்' என்று தலைப்பிட்டு ஒரு சிறுநூலை வெளியிட்டது. 1958-இல் ஜாக் டிஸார்ட் என்ற உளவியலாளர் லண்டனின் ஃபவுண்டன் மருத்துவமனையிலிருந்து 16 குழந்தைகளை ரெய்கேட்டில் உள்ள புரூக்லாண்ட்ஸ் என்ற வீட்டுக்கு அழைத்துவந்தார். அங்கே மருத்துவமனை ஒழுங்கு கிடையாது. சிறு குழுக்கள், விளையாட்டு, ஒரே முகத்தை நாள்தோறும் காணும் பாசம், அவ்வளவுதான். இரண்டு ஆண்டுக்குப் பின் பார்த்தபோது, மருத்துவமனையிலேயே இருந்த ஒத்த வயதுக் குழந்தைகளைவிட இவர்கள் பேச்சில் வெகுவாக முந்தியிருந்தார்கள். குறைபாட்டின் ஒரு பங்கை மருத்துவமனையே உண்டாக்கி வந்தது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. ஆனாலும் கொள்கை மாறச் சான்று போதவில்லை, விவகாரம் ஒன்று வெடிக்க வேண்டியிருந்தது.

அது கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில் வெடித்தது. அங்கு வேலைபார்த்த உதவியாளர் ஒருவர் சொன்ன கொடுமைகளை 1967-இல் ஒரு ஞாயிறு பத்திரிகை வெளியிட்டது. பின்னாளில் நிதியமைச்சரான வழக்கறிஞர் ஜெஃப்ரி ஹவ் விசாரித்தார். அறிக்கையை மழுப்பாமல் முழுதாக வெளியிடலாம் என்று 1969-இல் முடிவெடுத்தவர் அன்றைய அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மன். 1971-இன் அரசு வெள்ளை அறிக்கை, இருபது ஆண்டுக்குள் மருத்துவமனைப் படுக்கைகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றது. அப்போதும் பலர் பொதுத் துணிக்கூடத்திலிருந்து எடுத்த, தமக்கென்று இல்லாத உடையைத்தான் அணிந்துகொண்டிருந்தார்கள். 1981-இல் தொலைக்காட்சியில் வந்த 'சைலன்ட் மைனாரிட்டி' ஆவணப்படம் கேட்டர்ஹாம் ஊரின் செயின்ட் லாரன்ஸ் மருத்துவமனை வார்டுகளைக் காட்டியபோது நாடு அதிர்ந்தது. பத்து ஆண்டு கழிந்தும் பழைய காட்சியே.

எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு விடை அதற்குள் உருவாகியிருந்தது. லண்டனின் கிங்ஸ் ஃபண்ட் என்ற சுகாதார அறநிறுவனம் 1980-இல் 'ஆன் ஆர்டினரி லைஃப்' என்ற சிறுநூலை வெளியிட்டது. சாதாரணத் தெருவில், சாதாரண வீட்டில், அக்கம்பக்கத்தாரோடு வாழ்வது எல்லோருக்கும் இயலும் என்பதே அதன் வாதம். ஸ்காண்டிநேவிய நாடுகளில் பெங்க்ட் நிர்யே போன்றோர் முன்வைத்த 'நார்மலைசேஷன்', அதாவது மற்றவர்களைப் போன்ற இயல்பான வாழ்க்கை என்ற கருத்து இதற்கு உரமிட்டது. கென்ட் மாவட்டத்தின் டேரன்ட் பார்க், பெரும் மருத்துவமனைகளில் முதலில், 1988-இல் மூடியது. ஆண்டோவர் ஊரில் கடும் குறைபாடு உள்ள பெரியவர்களுக்காகச் சிறு வீடுகளைத் திறந்து டேவிட் ஃபெல்ஸும் ஜிம் மான்சலும் அவர்களோடு இருந்தவர்களும் அளந்து பார்த்தார்கள்.

அந்த அளவீட்டின் முடிவு சற்றுச் சங்கடமானது. வீடு சிறியதாக இருந்தாலும், பணியாளர் எல்லாவற்றையும் தானே செய்துவிட்டால் உள்ளே இருப்பவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஆய்வாளர்கள் இதை 'ஓட்டல் முறை' என்றார்கள். தேநீர் நேரம் வரும். பணியாளர் கெட்டிலைப் போட்டு, கோப்பையில் ஊற்றி, சர்க்கரை கலந்து, நாற்காலிக்குக் கொண்டுவந்து தருவார். எதிரே இருப்பவர் வாங்கிக் குடிப்பார். பணிவிடைக்குக் குறைவில்லை, ஆனால் அவருடைய நாளில் அவர் செய்த காரியம் ஒன்றுகூட இல்லை. மான்சலும் தோழர்களும் பரப்பிய 'ஆக்டிவ் சப்போர்ட்' பயிற்சியில் அதே தேநீரை வேறு வகையில் போடுவார்கள். கோப்பையை அவர் எடுப்பார். தேநீர்ப் பையைப் போடுவார். கொதிநீரை ஊற்றும்போது மட்டும் பணியாளர் கையோடு கை சேர்ப்பார். கூடுதல் நேரம் பிடிக்கும், மேசையில் கொஞ்சம் சிந்தும். தரத்தைத் தீர்மானிப்பது வீட்டின் அளவைவிட இந்த ஐந்து நிமிடமே என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதிப்பட்டது. நிர்வாகம் மட்டும் பல காலம் படுக்கைகளையே எண்ணிக்கொண்டிருந்தது.

சப்போர்ட்டட் லிவிங் என்ற பெயரும் வடிவமும் 1990களில் திரண்டன. 1990-இல் லண்டனில் கார்ல் போல் தொடங்கிய அமைப்புக்குக் 'கீரிங்', அதாவது சாவி வளையம் என்று பெயர். நடந்துபோகும் தொலைவுக்குள் பத்து வீடுகள் வரை. ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி. அதே பகுதியில் குடியிருக்கும் தொண்டர் ஒருவர் பில் கட்ட, பூட்டுப் பழுதுபார்க்க, பக்கத்து வீட்டாரோடு பேச்சு வைத்துக்கொள்ள உதவுவார். பெயர் பொருத்தமாக விழுந்தது. வடமேற்கு இங்கிலாந்தில் பீட்டர் கின்செல்லா இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்து, குடியிருப்பையும் உதவியையும் வெட்டிப் பிரிக்க வேண்டும் என்று 1993-இல் எழுதினார். பின்னர் அந்தச் சிந்தனை வழியில் வந்த 'ரீச்' தரக்கோட்பாடுகள், 'நான்' என்ற சொல்லில் தொடங்கும் வாக்கியங்களாக எழுதப்பட்டன: எங்கே வாழ்வது, யாரோடு வாழ்வது, யார் எனக்கு உதவுவது என்பதை நானே முடிவு செய்கிறேன் என்கிற வகையில்.

இதற்கிடையே பணம் வேறு கணக்குப் போட்டது. பதிவுபெற்ற பராமரிப்பு இல்லத்தில் இருப்பவருக்கு அரசு உதவித்தொகையில் கைச்செலவுக்கென்று வாரத்துக்கு இன்றைக்கும் சுமார் 30 பவுண்டுதான் மிஞ்சும். மீதி இல்லக் கட்டணத்துக்குப் போய்விடும். வாடகைக் குடித்தனக்காரர் என்றால் வாடகையை வீட்டு உதவித்தொகை ஏற்கும், உதவித்தொகை அவர் கையில் இருக்கும். இது குடியிருப்பவருக்கு நல்லது. ஆனால் வாடகைச் செலவை மத்திய அரசின் தலையில் தள்ளலாம் என்பதால் உள்ளூராட்சிகளுக்கும் நல்லது. 2003-இல் 'சப்போர்ட்டிங் பீப்பிள்' என்ற தனி நிதியும் வந்தது. பலன், பல பராமரிப்பு இல்லங்கள் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டன. அதே கட்டடம், அதே ஆட்கள், அதே சாப்பாட்டு நேரம், கூடவே ஒரு வாடகை ஒப்பந்தம். சில இல்லங்கள் பதிவை நீக்கக் கேட்டபோது கண்காணிப்பு ஆணையம் மறுத்து, வழக்கு நடுவர் மன்றம் வரை போனது. ஒப்பந்தத்தில் கையெழுத்து இருந்தாலும் நடைமுறையில் இது இல்லம்தான் என்று தீர்ப்பானது. தன் பெயர் எழுதத் தெரியாதவரிடம் கையெழுத்து வாங்கியதை விருப்பம் என்று கொள்ள முடியாது என்பது யாருக்கும் புரியக்கூடிய நியாயம்.

காகிதத்துக்கும் வீட்டுக்கும் இருந்த தூரம் எவ்வளவு என்பது 2006-இல் கார்ன்வாலில் வெளிப்பட்டது. அங்குள்ள சுகாதார அறக்கட்டளை நாலு பேர் வரை வாழும் 46 வீடுகளைச் சப்போர்ட்டட் லிவிங் என்ற பெயரில் நடத்திவந்தது. இரண்டு கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து நடத்திய விசாரணையில், அங்கிருந்தவர்களின் உரிமைகளைப் பூட்டும் தடையுமாகக் கட்டுப்படுத்தியதும், அவர்களுடைய பணத்தை முறைகேடாகக் கையாண்டதும் தெரியவந்தன. 2001-இன் 'வேல்யூயிங் பீப்பிள்' வெள்ளை அறிக்கை உரிமை, தற்சார்பு, தெரிவு, சமூகத்தில் இணைதல் என்று நான்கு கொள்கைகளை அறிவித்து ஐந்து ஆண்டு ஆகியிருந்தது.

நீண்டகால மருத்துவமனைகளில் கடைசியான தெற்கு லண்டனின் ஆர்ச்சர்ட் ஹில் 2009-இல் மூடியது. அதோடு அத்தியாயம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 2011 மே மாதம் பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சி பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற 24 படுக்கை தனியார் மருத்துவமனைக்குள் ரகசியக் கேமராவைக் கொண்டுபோனது. ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு கட்டணம் வாங்கிய இடத்தில் அடியும் உதையும் நடந்தன. 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள், ஆறு பேர் சிறை சென்றார்கள். தேவையின்றி மருத்துவமனையில் இருக்கும் எல்லோரையும் 2014 ஜூனுக்குள் வெளியே கொண்டுவருவோம் என்ற அரசின் உறுதிமொழி காலாவதியானது. 2024-இலும் அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள ஏறக்குறைய 2,000 பேர் இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் இருந்தார்கள். அவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது ஒரு வீடும், பழகிய இரண்டு மூன்று ஆட்களுமே.

அந்த ஆட்கள் கிடைப்பதுதான் பெரும்பாடு. குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய சம்பளத்துக்கு வருகிறவர்கள் நிலைப்பதில்லை. இரவு வீட்டிலேயே படுத்து, கூப்பிட்டால் எழும் 'ஸ்லீப்-இன்' வேலைக்குத் தூங்கும் மணிகளுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டா என்ற வழக்கில், இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. பணியாளர் வந்துபோய்க்கொண்டே இருந்தால், பேசாதவரின் முகக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருக்கமாட்டார். வயிற்றுவலியை 'சேட்டை' என்று எழுதிவைப்பார்கள். 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, இத்தகைய குறைபாடு உள்ள ஆண்கள் மற்றவர்களைவிட 13 ஆண்டும் பெண்கள் 20 ஆண்டும் முன்னதாக இறப்பதாகக் கண்டது. நோயைக் கண்டுபிடிக்கத் தாமதித்ததும் சிகிச்சை தாமதித்ததும் அதில் பெரும்பங்கு.

2009 முதல் கண்காணிப்பை ஏற்றிருக்கும் பராமரிப்புத் தர ஆணையம் 2017-இல் ஆறு பேருக்கு மேற்பட்ட புதிய இடங்களுக்குப் பொதுவாக அனுமதி தராத கொள்கையைக் கொண்டுவந்தது. 2020-இல் 'சரியான துணை, சரியான பராமரிப்பு, சரியான பண்பாடு' என்று வழிகாட்டியை விரித்தது. படுக்கையை எண்ணுவதிலிருந்து பழக்கவழக்கத்தைப் பார்ப்பதற்கு வந்துசேர அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. சப்போர்ட்டட் லிவிங்கில் ஆணையம் கண்காணிப்பது உடல்சார்ந்த பராமரிப்பை மட்டுமே, வீட்டை அல்ல. ஆகவே ஆய்வாளர் வந்தால் கதவைத் தட்டி, குடியிருப்பவரின் சம்மதம் கேட்டுத்தான் உள்ளே போக முடியும். அவர் வேண்டாம் என்றால் வாசலிலேயே நின்றுவிட வேண்டும்.