தடமில்லா நகரின் கார்கள்: வீதிப் பந்தயமும் நிரந்தரத் தடமும்

இந்தியாவில் கார் செய்யும் நகரங்களுள் புனே முன்வரிசையில் நிற்பது. பிம்பிரியில் டாடா ஆலை, 1966இல் தோன்றிய ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் வாகன ஆராய்ச்சி நிறுவனம், 2009 மார்ச்சில் சாகனில் திறக்கப்பெற்ற ஃபோக்ஸ்வாகன் ஆலை என அதன் தொழில்மரபு நீண்டது. சாகனில் உருவான போலோ காரின் பெயரால் 2010இல் ஒரு டூரிங் கார் பந்தயத் தொடரும் தொடங்கிற்று. ஆனால் அக்கார்கள் போட்டியிட்டது சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும். காரைச் செய்த ஊரில் தேசியப் போட்டி நடத்தத்தக்க தடம் இருக்கவில்லை.

பந்தயத்தின் வரலாறு கார்களின் வரலாற்றோடு முடிந்துவிடுவதில்லை. அது நிலத்தின் வரலாறும் ஆகும்.

தமிழகத்துக்கு அந்த நிலம் போர்க்காலத்தின் எச்சமாகக் கிடைத்தது. 1953இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், கைவிடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தைப் பந்தயக் களமாக்கியது. அது வீதியும் அன்று, நிரந்தரத் தடமும் அன்று. மக்கள் அன்றாடம் பயன்படுத்திய ஃபியட் கார்களே அங்குத் திருத்தியமைக்கப்பட்டு ஓடின. தன் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் உடன்பிறப்பு சீறிப் பாய்வதைக் காண்பதே டூரிங் பந்தயத்தின் முதற்கவர்ச்சி. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடமும், 2003இல் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் எழுந்தபின் அம்மரபு நிலைபெற்றது.

விறுவிறுப்பு எதில் மிகுதி என்ற கேள்விக்கு விடை காரின் இயல்பில் உள்ளது. ஃபார்முலா காரின் சக்கரங்கள் வெளியே நிற்பதால், சக்கரத்தோடு சக்கரம் உரசினாலே பேராபத்து. முன்செல்லும் வண்டி கலைத்துவிடும் காற்றும் பின்வருவதன் பிடிமானத்தைக் குறைக்கும். டூரிங் கார் இவ்விரண்டையும் ஓரளவு தாங்கவல்லது; தோளோடு தோள் மோதியும் ஓட்டத்தைத் தொடரும். ஆகவே குறுகிய வீதியும் அதற்குப் பொருந்தும். மக்காவ் நகரின் கியா தடத்தில் 1972 முதல் டூரிங் கார் பந்தயம் புகழ்பெற்று விளங்குவது இதற்குச் சான்று.

எனினும் வீதி தரும் விறுவிறுப்பு பெரும்பாலும் பிழையின் அச்சத்திலிருந்து பிறப்பது. சுவர் அருகிலிருப்பதால் ஓட்டுநர் துணிந்து முந்தத் தயங்குவார். ஒரு விபத்து போட்டியையே நிறுத்திவிடும். நிரந்தரத் தடத்தில் வளைவுக்கு அப்பால் வெற்றிடம் உண்டு. தவறினால் மீளலாம் என்பதால் கடைசி நொடிவரை பிரேக்கைத் தொடாமல் உட்புறம் பாயும் துணிவு அங்குப் பிறக்கிறது. வீதி பார்வையாளருக்கு நடுக்கத்தைத் தருகிறது. தடம் ஓட்டுநருக்குப் பயிற்சியைத் தருகிறது.

அண்மைக்கால நிகழ்வுகள் இவ்வேறுபாட்டின் பொருளியல் பக்கத்தைக் காட்டுகின்றன. 2023 பிப்ரவரியில் ஹைதராபாத்தின் ஹுசைன் சாகர் கரையில் ஃபார்முலா ஈ நடந்தது. மறு ஆண்டுப் போட்டி, மாநிலத்தில் ஆட்சி மாறியபின் கைவிடப்பட்டது. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கி.மீ. இரவுப் பந்தயம் 2023 டிசம்பரில் புயலால் தள்ளிப்போய், உயர்நீதிமன்ற வழக்கையும் கடந்து, 2024 ஆகஸ்ட் இறுதியில் நிறைவேறியது. வீதிப் பந்தயம் ஒவ்வொரு முறையும் அரசின் இசைவையும் பொதுமக்களின் சாலையையும் புதிதாகக் கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது.

நிரந்தரம் மட்டுமே போதும் என்பதும் பிழை. 5.125 கி.மீ. நீளமுள்ள கிரேட்டர் நொய்டாத் தடத்தில் ஃபார்முலா ஒன் நடந்தது 2011 முதல் 2013 வரை மட்டுமே. பெரும்பொருட்செலவில் எழுந்த அத்தடத்தால் அப்போட்டியைத் தக்கவைக்க இயலவில்லை. மாறாக, எளிய இருங்காட்டுக்கோட்டை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓட்டுநர்களையும் மெக்கானிக்குகளையும் உருவாக்கிவருகிறது. அதைத் தாங்கி நிற்பது ஒரு கிளப்பின் தொடர்ச்சி.

2024 ஜனவரியில் புனேயின் பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் பைக்குகளுக்கான சூப்பர்கிராஸ் நடந்தபோது கூட்டம் திரண்டது. அந்நகரில் ஆர்வத்துக்கோ தொழில்நுட்பத்துக்கோ பஞ்சமில்லை என்பதற்கு அது போதிய சான்று. அங்கு இல்லாதது, பந்தயம் முடிந்த மறுநாளும் இளைஞர் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து பழகுவதற்கான இடம். வீதிப் பந்தயம் ரசிகரை ஈட்டித்தரும். அடுத்த தலைமுறைப் பந்தய வீரரை வளர்த்தெடுக்க, எளியதேனும் நிலைத்த ஒரு தடம் வேண்டும்.