குப்பிக்குள் ஒளிந்திருந்த வைரஸ்



எங்க புதுக்கோட்டைப் பக்கம் குடமும் டிரம்மும் இல்லாத வீடு கிடையாது. தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்தால்தான் உண்டு. மழைக்காலம் வந்தால் போதும், சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து டார்ச் அடித்து டிரம்முக்குள் எட்டிப் பார்ப்பார்கள். ஏதாவது நெளிந்தால் உடனே "கொட்டிடுங்க" என்பார்கள். 2006-ல் சிக்குன்குனியா வந்து படுத்ததை எங்க பாட்டி இன்னும் மறக்கவில்லை. அதனால் அவர் மறுபேச்சே பேசாமல் கவிழ்த்துவிடுவார்.

அப்படிக் கவிழ்க்கப்படும் கொசுப்புழுவுக்கு அறிவியல் வரலாற்றில் ஒரு பெரிய இடம் இருக்கிறது. அதுவும் நம் நாட்டில், புனேயில் ஆரம்பித்த கதை. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். பாக்டீரியாவைப் போல வைரஸைத் தட்டில் போட்டு வளர்க்க முடியாது. அதற்கு உயிருள்ள செல் வேண்டும். அந்தக் காலத்தில் கொசு பரப்பும் வைரஸைப் பிரித்தெடுக்க, பிறந்து ஓரிரு நாளே ஆன எலிக்குட்டிகளின் மூளையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். கொசுவின் செல்லையே குப்பியில் வளர்த்தால் என்ன? கேட்க எளிது, செய்வது கஷ்டம். பூச்சி செல்லைத் தொடர்ந்து வளர்க்க முடியும் என்று 1962-ல் ஆஸ்திரேலியாவின் கிரேஸ் ஒரு அந்துப்பூச்சியின் செல்லை வைத்துக் காட்டினார். 1966-ல் கொசு செல்லையும் வளர்த்துவிட்டதாக அறிவித்தார். பிற்பாடு சோதித்தபோது அது கொசு செல்லே இல்லை, பழைய அந்துப்பூச்சி செல்தான் கலந்து வளர்ந்திருக்கிறது என்று தெரிந்தது! (இதை நினைவில் வையுங்கள். குப்பியின் மேல் ஒட்டிய பெயரை நம்பக்கூடாது என்பதுதான் இந்தக் கதையே.)

இப்போது புனேவுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து 1952-ல் அங்கே வைரஸ் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. 1978-ல் அதுவே தேசிய நச்சுயிரியல் நிறுவனம் ஆனது. 1964-ல் நம்ம சென்னையைச் சிக்குன்குனியா உலுக்கியது. கொசு வைரஸ்களை ஆராய நல்ல வழி ஒன்று அவசரமாகத் தேவைப்பட்ட காலம் அது.

1967-ல் அந்த மையத்தைச் சேர்ந்த கே.ஆர்.பி. சிங், அப்போதுதான் பொரித்த ஏடிஸ் கொசுப்புழுக்களை நறுக்கி, சத்து நீரில் இட்டு வளர்த்தார். ஏடிஸ் அல்போபிக்டஸ், ஏடிஸ் ஈஜிப்டி என்ற இரண்டு வகைக் கொசுக்களிலிருந்தும் தொடர்ந்து பெருகும் செல்கள் கிடைத்தன. இந்தச் செல்களுக்கு சுமார் 28 டிகிரி வெப்பமே போதும். அல்போபிக்டஸ் செல்லில் டெங்கு வைரஸ் நன்றாக வளர்ந்தது. 1969-லேயே டெங்குவைப் பிரித்தெடுக்க அதைப் பயன்படுத்தலாம் என்று சிங்கும் பாலும் எழுதிவிட்டார்கள். பல நாட்டு ஆய்வகங்கள் அந்தச் செல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டன.

இனிதான் கதையின் திருப்பம்.

இஸ்ரேலைச் சேர்ந்த பெலெக் என்பவரும் 1960-களின் பிற்பகுதியில் ஈஜிப்டி கொசுவின் கருவிலிருந்து செல்களை வளர்த்திருந்தார். பார்க்க நல்ல ஆரோக்கியமான செல்கள். 1975-ல் அமெரிக்காவில் ஸ்டாலரும் தாமஸும் இந்தச் செல்கள் வளர்ந்த நீரை எடுத்து, சிங்கின் அல்போபிக்டஸ் செல்கள் மேல் விட்டார்கள். அவ்வளவுதான்! செல்களின் சவ்வுகள் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்களைக் கொண்ட பெரிய பெரிய பைகளாக மாறிப்போயின. பெலெக்கின் செல்லுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு வைரஸ் குடியிருந்திருக்கிறது! தன் வீட்டுக்காரருக்குத் தொந்தரவு தராமல் இருந்தது, பக்கத்து வீட்டுக்குப் போனதும் சுவரை இடித்துவிட்டது.

அதற்கு 'செல்லை இணைக்கும் வைரஸ்' என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள். பூச்சிகளின் செல்லில் மட்டும் வளரும், மனிதர், விலங்குகளின் செல்லில் வளராது. 1992-ல் அதன் மரபணு வரிசை முழுதாகத் தெரிந்தபோது இன்னொரு ஆச்சரியம்: அது டெங்குவின் தூரத்துச் சொந்தம். ஆனாலும் ஆய்வகக் குப்பியில் மட்டும் இருக்கும் ஒரு வினோதம் என்றே பலரும் நினைத்தார்கள். 2006-ல் போர்ட்டோ ரிக்கோவில் பிடித்த காட்டுக் கொசுக்களிலேயே அது இருப்பது வெளிவந்தது. கண்டுபிடித்து 31 வருஷம் கழித்து! இதுபோல 'பூச்சிக்கு மட்டுமான' வைரஸ்கள் பல இப்போது தெரியவந்திருக்கின்றன.

சிங்கின் செல் என்ன ஆனது? 1978-ல் ஜப்பானின் இகராஷி அதிலிருந்து டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் எளிதில் ஆட்படும் ஒரு கிளையைப் பிரித்தார். சி6/36 என்று பெயர். இன்றும் உலகம் முழுக்க இந்த வைரஸ்களை வளர்க்க அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஏன் அவ்வளவு எளிதில் ஆட்படுகிறது? கொசு செல்லுக்குள் வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக நறுக்கும் ஒரு தற்காப்பு உண்டு. சி6/36-ல் அந்தக் கத்தி மழுங்கியிருக்கிறது என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். அந்தச் செல்லின் குறைதான் நமக்கு வசதி!

சரி, இதனால் நமக்கென்ன? ஒளிந்திருக்கும் பூச்சி வைரஸ், கூடவே வரும் டெங்குவைத் தடுக்குமா? 2017-ல் வந்த ஒரு ஆய்வில், ஈஜிப்டி செல்களில் இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துவிட்டன. 2019-ல் வந்த இன்னொன்றில், உயிருள்ள கொசுக்களுக்குள் டெங்கு, ஜிகா வைரஸ்கள் பரவுவதை அது குறைத்தது. ஆக, குப்பியில் நடப்பது கொசுவுக்குள் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. 'சுத்தமான' செல் என்று நம்பிச் செய்த சோதனையில் மூன்றாவது ஆள் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருந்தால் முடிவே மாறிவிடும். கிரேஸின் குப்பியும் பெலெக்கின் குப்பியும் சொன்ன பாடம் இதுதான்.

இன்னொன்றும் தோன்றுகிறது. ஸ்டாலரும் தாமஸும் பெலெக்கின் செல்லை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. புனேயில் பிறந்த செல் பக்கத்தில் இருந்ததால்தான் அந்த வைரஸ் மாட்டிக்கொண்டது.

அடுத்த முறை டிரம்மில் புழு நெளிந்தால் நானும் பாட்டியைப் போலக் கொட்டத்தான் போகிறேன். ஆனால் கொட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் பார்ப்பேன். அதற்குள்ளும் நமக்கு இன்னும் பெயர் தெரியாத யாராவது சத்தமில்லாமல் குடியிருக்கலாம் அல்லவா?