பாறும் கானமயிலும்



செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டால், கொஞ்ச நேரத்தில் கழுகுக் கூட்டம் வட்டமிட்டு இறங்குவதைப் பெரியவங்க பார்த்திருப்பீங்க. பிணந்தின்னிக் கழுகு என்போம். பாறு என்பது பழைய பெயர். 1980-களில் நம் நாட்டில் கோடிக்கணக்கில் இருந்த பறவை. 1990-களில் மளமளவென்று குறைந்தது. 2007-ல் கணக்கெடுத்தபோது, வெண்முதுகுப் பாறு ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிச்சம்.

நோயா, பூச்சிமருந்தா என்று பலரும் தேடினார்கள். 2004-ல், பாகிஸ்தானில் செய்த ஆய்வில் காரணம் வெளிவந்தது. மாட்டுக்கு வலி, வீக்கத்துக்குப் போடுகிற டைக்ளோபினாக் ஊசிதான்! ஊசி போட்ட கையோடு மாடு செத்து, அந்தக் கறியைப் பாறு தின்றால், அதன் சிறுநீரகம் கெட்டுச் சில நாளில் செத்துப் போகும். ஒரு மாட்டை ஒரு கூட்டமே தின்னும் இல்லையா? அதனால் நூற்றில் ஒரு மாட்டில் மருந்து இருந்தாலே போதும். மாட்டைக் காப்பாற்றத்தானே ஊசி போட்டோம், இதெல்லாம் யாருக்குத் தெரியும்!

இன்னொரு பறவை கானமயில். பேரில்தான் மயில், மயிலுக்கும் பாறுக்கும் அது உறவில்லை. மூன்றடி உயரம், சேவல் 15 கிலோ வரை வரும். புல்வெளியில் நடந்து வெட்டுக்கிளியும் தானியமும் பொறுக்கும். தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்ததுதான். இதையே தேசியப் பறவை ஆக்கலாம் என்றார் சாலிம் அலி. 1963-ல் அந்தப் பட்டம் மயிலுக்குப் போயிற்று.

கானமயிலைக் கெடுத்தது ஒரே மருந்து அல்ல. முதலில் வேட்டை. பிறகு புல்வெளி உழவு நிலமானது. (தரிசை உழுதவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை.) இப்போது மின்கம்பி. கண் பக்கவாட்டில் இருப்பதால் எதிரே உள்ள கம்பி தெரியாது. கனத்த உடம்பு, சட்டென்று விலகவும் முடியாது. இன்று 200-க்கும் குறைவு, பெரும்பாலும் ராஜஸ்தானில். 2019 முதல் ஜெய்சால்மர் பக்கம் முட்டை எடுத்துவந்து பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். குஞ்சு வளர்ந்தாலும் விடுவதற்குக் கம்பியில்லாத புல்வெளி வேணுமே!

இரண்டும் ஈட்டுக்கு ஒரே முட்டைதான் இடும். போனதை ஈடுகட்ட வெகுகாலம் பிடிக்கும். ஆனால் பாறுக்கு வழி சுலபம். 2006-ல் மாட்டுக்கான டைக்ளோபினாக் தடையானது. மனுஷருக்கான பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் அதையும் 3 மில்லி ஆக்கினார்கள். 2023-ல் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் இரண்டும் கால்நடைக்குத் தடை. நீலகிரிக்குக் கீழே மாயாறு பள்ளத்தாக்கில், நீர்மருது மரங்களில் பாறு இன்னும் கூடு கட்டுகிறது.

வலிக்கு ஊசி போடும்போது, மெலாக்சிகாம் போடலாமா என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்க. அது பாறுக்குக் கெடுதல் செய்யாது. வேறு ஊசி போட்ட மாடு செத்தால், வெளியே போடாமல் ஆழக் குழி தோண்டிப் புதைச்சிடுங்க.