கோழி ஏன் தன் முட்டையைத் தானே தின்கிறது? ஒரு ஓட்டின் வரலாறு

1/
போன மாசம் ஓ.பி.யில் ஒரு ஆச்சி வந்தாங்க. ரெண்டு கண்ணும் செக்கச்செவேல்னு இருக்கு, தண்ணியா ஊத்துது.

"என்ன ஆச்சி ஆச்சு?"
"மொளகாப்பொடி பட்டுட்டு ராசா."
"சமைக்கும்போதா?"
"இல்ல, முட்டைக்குள்ள அடைக்கும்போது."

விஷயம் இதுதான். ஆச்சி வீட்டுப் பெட்டைக்கோழி ஒண்ணு, போட்ட முட்டையைத் தானே கொத்திக் குடிக்குது. முட்டையில ஓட்டை போட்டு, உள்ள இருக்கிறத ஊத்திட்டு, மிளகாய்ப்பொடியை அடைச்சு வச்சா கோழி திருந்திரும்னு யாரோ சொல்லியிருக்காங்க. கோழி திருந்துறதுக்கு முன்னாடி ஆச்சிக்குக் கண் எரிஞ்சிருச்சு.

2/
கண்ணைக் கழுவி, மருந்து போட்டு உட்கார வச்சேன். கூட மருமகள் வந்திருந்தாங்க. ஆறு மாசக் கர்ப்பம்.

ஆச்சி விடல. "கோழி முட்டையத் திங்குது, இவ பச்சரிசியத் திங்கா. என் வீட்டுல எல்லாத்துக்கும் வாய் கெட்டுப் போச்சு."

அறையில எல்லாரும் சிரிச்சோம், நானும்தான். அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கல.

அதுக்கு அப்புறமா வர்றேன். முதல்ல கோழி. (அவங்க சம்மதத்தோட, அடையாளம் தெரியாதபடி எழுதுறேன்.)

3/
கோழி முட்டையைத் தின்பது இன்னைக்கு வந்த பிரச்சினை இல்லை. 10ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் தொகுக்கப்பட்ட 'ஜியோபோனிகா' என்ற கிரேக்க வேளாண்மை நூலிலேயே இதற்கு வைத்தியம் இருக்கிறது. அதுவே அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய குறிப்புகளைச் சேர்த்த தொகுப்பு.

அந்த வைத்தியம்: முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றிவிட்டு, மஞ்சள் கருவைச் சுற்றி ஈர ஜிப்சத்தை நிரப்பு. அது கல்லாக இறுகும். பேராசையில் கொத்தும் கோழி ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்து, பழக்கத்தை விட்டுவிடும்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியும் கோழிமேல வச்ச குற்றச்சாட்டு ஒண்ணுதான்: பேராசை. ஆச்சி சொன்ன "வாய் கெட்டுப் போச்சு"வும் அதேதான்.

4/
சரி, மிளகாய்ப்பொடி வைத்தியம் பலிக்குமா?

பலிக்காது. மிளகாயின் காரம் கேப்சைசின் என்ற பொருளால் வருது. அதை உணர நம்ம நரம்புகள்ல ஒரு ஏற்பி இருக்கு. 1997ல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர் அதைக் கண்டுபிடித்தார்கள். 2002ல் அதே ஆய்வகம் கோழியின் ஏற்பியைச் சோதித்தது. சூட்டை அது உணர்ந்தது. கேப்சைசினுக்கு அசையவே இல்லை. ஜூலியஸுக்கு 2021ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பறவைகளுக்குக் காரம் உறைக்காது. கிளி மிளகாய்ப் பழத்தைச் சாவகாசமா தின்கிறது அதனாலதான்.

ஆக, ஆச்சி வீட்டுல அந்தப் பொடி உறைச்சது ஆச்சிக்கு மட்டும்தான்.

5/
அப்போ கோழிக்கு என்னதான் பிரச்சினை? முட்டை ஓட்டைப் பார்ப்போம்.

ஓட்டில் 90 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், கரும்பலகையில எழுதுற இயற்கைச் சாக்கட்டி எல்லாம் இதே பொருள்தான். ஒரு பண்ணை முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கும். நாட்டுக்கோழி முட்டை சிறுசு, அதனால கொஞ்சம் குறையும்.

இந்த 2 கிராம் எங்கிருந்து வருது?

6/
இந்தக் கேள்வியை ஒருத்தர் தராசு வச்சே கேட்டார். 1799, பாரிஸ். வேதியியலாளர் வாக்லின். குரோமியம் தனிமத்தைக் கண்டுபிடித்தவர்.

ஒரு கோழியை அடைத்து, 10 நாள் ஓட்ஸ் மட்டும் எடைபோட்டுக் கொடுத்தார். அதன் எச்சம், அது போட்ட 4 முட்டைகளின் ஓடு, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் சோதித்தார். கோழிக்குள் போன சுண்ணாம்பைவிட வெளியே வந்த சுண்ணாம்பு அதிகம்!

கோழி தன் உடம்புக்குள்ளேயே சுண்ணாம்பை 'உண்டாக்குகிறது' என்று முடிவுக்கு வந்தார். கணக்கு சரி, முடிவு தப்பு. ஒரு இடத்தை அவர் பார்க்காமல் விட்டுவிட்டார்.

7/
அந்த இடம் கோழியின் எலும்பு.

1934ல் சிகாகோவில் கைஸ், பாட்டர் என்ற இருவர் புறாக்களை ஆராய்ந்தார்கள். முட்டையிடப் போகும் பெண் புறாவின் எலும்புக்குள், மஜ்ஜை இருக்கும் குழியில், புதுசாக ஒரு எலும்பு வளர்வதைக் கண்டார்கள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் தூண்டி வளரும் அது ஒரு கால்சியம் உண்டியல். முட்டைக் காலத்தில் நிரம்பும், ஓடு செய்யும்போது உடையும். ஆண் பறவைக்கு இது கிடையாது.

2005ல் மேரி ஷ்வைட்சர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு டி.ரெக்ஸ் டைனோசரின் தொடை எலும்பில் இதே வகைத் திசுவைக் கண்டதாக அறிவித்தார். முட்டைக்காக எலும்பைக் கரைக்கும் வேலை அவ்வளவு பழசு.

8/
இன்னொரு விஷயம். ஓடு உருவாக 20 மணி நேரம் போல ஆகும். அதில் பெரும்பகுதி ராத்திரியில். கோழி தூங்குது, இரைப்பை காலியாகிட்டு வருது, ஆனா உள்ளே ஓடு கட்டிக்கிட்டே இருக்கு. தீனியில இருந்து வர்றது பத்தலைன்னா எலும்புதான் கொடுக்கணும்.

கோழியின் உடம்பிலுள்ள மொத்தக் கால்சியம் சுமார் 20 கிராம். ஒரு முட்டைக்கு 2 கிராம். அதாவது ஒரே நாளில் பத்தில் ஒரு பங்கு.

ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு பெண்ணின் உடம்பில் சுமார் 1 கிலோ கால்சியம் இருக்கு. பிறக்கும் குழந்தையின் உடம்பில் சுமார் 30 கிராம். அதைத் தாய் ஒன்பது மாசத்தில் கொடுக்கிறாள். கோழி அளவுக்குக் கொடுக்கணும்னா ஒரே நாள்ல 100 கிராம் கொடுக்கணும்.

9/
இப்போ தீனியைப் பாருங்க. நம்ம வீடுகள்ல கோழிக்கு என்ன போடுறோம்? நொய், மிஞ்சின சோறு, கொஞ்சம் கம்பு. 100 கிராம் அரிசியில் கால்சியம் 10 மில்லிகிராம் அளவுதான். தேவை 2000 மில்லிகிராம்!

மீதியைக் கோழி தானே தேடிக்கிது. நத்தை, பூச்சி, பழைய சுண்ணாம்புச் சுவரின் காரை. நாட்டுக்கோழி பத்துப் பதினஞ்சு முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்திரும். அந்த ஓய்வும் எலும்புக்கு உதவும்.

ஆனா எங்க பக்கம் சாரல் ஆரம்பிச்சா நிலைமை வேற. ஜூன், ஜூலையில குற்றாலத்துல அருவி விழுதுன்னு நீங்க சந்தோஷமா வர்றீங்க. அப்போ கோழி கூட்டுக்குள்ளயே கெடக்கும். மேய்ச்சல் இல்லை, வெயில் குறைவு.

10/
வெயிலுக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்னா, வைட்டமின் டி. அது இல்லாம கால்சியம் குடலில் இருந்து ரத்தத்துக்குச் சரியா ஏறாது.

1920களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில், வெயில் படாமல் வளர்த்த குஞ்சுகள் கால் சூம்பி விழுந்தன. வெயில் காட்டினால், மீன் எண்ணெய் கொடுத்தால் தேறின. அங்கேதான் ஹாரி ஸ்டீன்பாக், உணவின்மேல் புற ஊதாக் கதிர் பாய்ச்சினாலே அதற்கு ரிக்கெட்ஸைத் தடுக்கும் சக்தி வருவதை 1924ல் காட்டினார். குழந்தைகளின் ரிக்கெட்ஸ் நோயை ஒழித்த கதையில் கோழிக்குஞ்சுக்கும் பங்கு உண்டு.

11/
சரி, கால்சியம் குறைஞ்சா கோழி முட்டையைத் தின்னுமா?

நேரா இல்லை, படிப்படியா. ஓடு மெலிசாகும். சில நாள் தோல்முட்டை போடும். மெலிசான முட்டை மிதிபட்டு உடையும். உடைஞ்சதைக் கோழி ருசி பார்க்கும். ருசி கண்ட கோழி அடுத்து நல்ல முட்டையையும் கொத்தும். ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணு கத்துக்கும்.

கால்சியத்தைத் தேடுற பசியும் உண்டு. 1971ல் ஹியூஸ், உட்-கஷ் என்ற இருவர், கால்சியம் குறைந்த கோழிக்குஞ்சுகள் கால்சியம் உள்ள தீனியைத் தேடித் தின்பதைப் பதிவு செய்தார்கள்.

அதுக்காக எல்லா முட்டைத் திருட்டுக்கும் கால்சியம்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். கூட்டில் நெருக்கடி, முட்டையிட இடம் பத்தாதது, புரதக் குறைவு, தண்ணி இல்லாதது, எல்லாமே காரணம்தான். கவனிங்க, இதுல ஒண்ணுகூட கோழியோட 'குணம்' இல்லை.

12/
ஆனா 20ஆம் நூற்றாண்டின் கோழிப்பண்ணைத் தொழில் என்ன செய்தது தெரியுமா?

1930களில் அமெரிக்காவின் ஒஹாயோவில், கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க அலகு நுனியை வெட்டும் முறை வந்தது. அப்புறம் சூடான கத்தியால் வெட்டும் இயந்திரமே வந்துவிட்டது. கம்பிக் கூண்டின் தரையைச் சாய்வாக அமைத்தார்கள். முட்டை விழுந்த உடனே உருண்டு வெளியே போய்விடும், கோழிக்கு எட்டாது. நாமக்கல் பக்கம் பண்ணைக்குள்ள போனவங்க பார்த்திருப்பீங்க.

முட்டைத் திருட்டு நின்றது. ஆனால் 1955ல் கவுச் என்ற ஆய்வாளர் கூண்டுக் கோழிகளில் ஒரு நோயை விவரித்தார். நன்றாக முட்டையிடும் கோழி திடீரென்று நிற்க முடியாமல் விழுகிறது. எலும்பு அவ்வளவு பலவீனம். 'கூண்டுக்கோழி அசதி' என்று பெயர்.

முட்டை நமக்கு முழுசா வந்தது. எலும்பு போனது கோழிக்கு.

13/
இப்போ வீட்டில் வளர்க்கிறவங்களுக்கு. நான் கால்நடை மருத்துவர் இல்லை. சந்தேகம்னா பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்க. பொதுவான வழிகள்:

• கிளிஞ்சல் தூள் (தீவனக் கடைகள்ல 'ஷெல் கிரிட்'னு கேளுங்க), கொஞ்சம் பெருநொய்யா. தீனியோட கலக்காம தனிச் சட்டியில வைங்க. தேவைக்கு அதுவே எடுத்துக்கும். சாயங்காலம் கட்டாயம் இருக்கணும், ராத்திரி ஓடு கட்டுதுல்லா.

• முட்டை ஓட்டையே கொடுக்கலாம். ஆனா வறுத்து, நல்லா நொறுக்கி, முட்டைன்னு அடையாளம் தெரியாதபடி.

• வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு வேண்டாம். அது வேற பொருள், வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும்.

• நாலஞ்சு கோழிக்கு ஒரு முட்டைப்பெட்டி. இருட்டான மூலையில, வைக்கோல் மெத்தையா போட்டு.

• முட்டையை அப்பப்போ எடுத்திருங்க. உடைஞ்சது கெடந்தா உடனே சுத்தம் பண்ணுங்க.

• புரதத்துக்குப் புண்ணாக்கு, கரையான். எப்பவும் தண்ணி.

• பழகிப்போன கோழியைக் கொஞ்ச நாள் தனியா வைங்க. பெட்டியில மர முட்டை வைக்கலாம். அந்தக் கிரேக்கர் சொன்ன ஜிப்சம் முட்டையும் இதே யோசனைதான். தீனியைச் சரிபண்ணாம அதை மட்டும் வச்சா பலன் நிக்காது.

14/
இனி அந்தப் பொண்ணுக்கு வர்றேன்.

பச்சரிசி, மண், சாம்பல், சிலேட்டுக்குச்சி, ஐஸ். கர்ப்பிணிகள் இதையெல்லாம் ஒளிச்சு வச்சுத் தின்கிறதுக்கு மருத்துவத்தில் 'பைகா' என்று பெயர். இரும்புச்சத்துக் குறைவோடு இது அடிக்கடி சேர்ந்து வரும். ஏன் அந்த ஆசை வருதுன்னு மருத்துவம் இன்னும் முழுசா விளக்கல. ஆனா பார்த்த உடனே ஹீமோகுளோபின் சோதிக்கணும்ங்கிறதுல சந்தேகமே இல்லை.

அன்னைக்கே சோதிச்சோம். 7.4. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழ போனாலே ரத்தசோகை. 7.4ல இருக்கிற பொண்ணுக்குப் பிரசவத்துல கொஞ்சம் அதிகமா ரத்தம் போனாலும் உயிருக்கு ஆபத்து.

15/
"ஏம்மா முன்னாடியே சொல்லல?"ன்னு கேட்டேன்.

"திட்டுவாங்க சார்."

வீட்டில திட்டுவாங்க. நாங்களும் திட்டியிருப்போம்னு நினைச்சிருக்காங்க. கொஞ்ச நேரம் முன்னாடிதான் நானே சிரிச்சேன்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்காங்க, வயித்தைப் புரட்டுதுன்னு நிறுத்திட்டாங்க. அதையும் யார்கிட்டயும் சொல்லல. இப்போ ஊசிவழி இரும்புச்சத்து ஏத்துறோம்.

16/
வீட்டில கர்ப்பிணி இருந்தா இதை மட்டும் செய்யுங்க:

• விசித்திரமா எதையாவது தின்னா கேலி பண்ணாதீங்க, திட்டாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. ரத்தப் பரிசோதனை அரசு மருத்துவமனையில இலவசம்.

• நாலாவது மாசத்தில் இருந்து இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தர்றோம். ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்க. ரெண்டு மணி நேர இடைவெளி வேணும். கால்சியம் இரும்பைத் தடுக்கும்.

• மாத்திரை ஒத்துக்கலைன்னா நிறுத்தாம வந்து சொல்லுங்க. மாற்று வழி இருக்கு.

• அந்த வீட்டு முட்டை முதல்ல அந்தப் பொண்ணு தட்டுக்குப் போகட்டும்.

17/
போன வாரம் ஆச்சி கண்ணைக் காட்ட மறுபடி வந்தாங்க. கண் சரியாயிட்டு.

"கோழி என்னாச்சு ஆச்சி? கொழம்பு வச்சாச்சா?"

"இல்ல ராசா. நீ சொன்ன கிளிஞ்சல் வாங்கிப் போட்டேன். ரெண்டு நாளா முட்டை முழுசா கெடக்கு. நேத்து ஒண்ண ஒடச்சிட்டு. பாப்போம்."

"மருமக?"

"மூணாவது ஊசி வெள்ளிக்கெழம. நாந்தான் கூட்டிட்டு வாரேன். அரிசி டப்பாவ எங்கயும் ஒளிச்சு வைக்கல. ஏசவும் இல்ல."

18/
கோழிக்கு 'பேராசை'ன்னு பேர் வச்சாங்க. அது முட்டை ஓட்டுக்கு எலும்பைக் கரைச்சுக் கொடுக்குதுன்னு ரொம்ப காலம் தெரியாது. கர்ப்பிணிக்கு 'வாய் கெட்டவ'ன்னு பேர் வைக்கிறோம். அவளுக்கு ரத்தம் எவ்வளவு இருக்குன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுக்கலாம்.

உங்க வீட்டில, பக்கத்து வீட்டில யாராவது பச்சரிசி தின்னா இந்த இழையை அனுப்புங்க. கூடவே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போங்க.


ஒரு அரசு மருத்துவர், தென்காசி மாவட்டம்.